நிப்பில் பிழையில்லை

ஏறாவூர்
06.01.2025

என்னைவிட எட்டு வயது மூத்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத ஹில்மி நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நம் இருவருக்கும் நடுவில் பிறந்த ஷஸ்னா ராத்தாவும் சுகம். நானும் சுகம். வாவிதான் சுகமில்லை, வயிறு ஊதிக்கொண்டு கிடக்கிறது. கடலுக்கு நீர் வடிகிற முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. நம் கிணற்றில் கயிறு இல்லாமலே வாளியை முக்கி எடுக்கலாம். கொழும்பில் உங்கள் சுகம், சாப்பாடு, அறையில் மூட்டைப்பூச்சிகளின் குடும்ப நலம் அனைத்தும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். என் போனை உம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. ஓ.எல். பரீட்சை எழுதி முடித்தால்தான் விடுதலையாம். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் உம்மாவின் போனுக்கு எடுக்கும்போது எனக்குக் கிடைப்பது ஸலாம் சொல்கிற நேரம் மட்டும். மிச்சம் முழுக்கக் கல்யாணக் கதை. இன்னொரு காரணமும் உண்டு. நான் திருத்தும் நிப்புகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க ஏதாவது எழுத வேண்டும். "அ ஆ இ ஈ" எழுதி எழுதிப் பேனைகளுக்கே அலுத்துவிட்டது.

நீங்கள் விட்டுப்போன பழைய பிளேடும், அரத்தாளும், மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் இடுக்குகிற வில்லையும் இப்போது என் சொத்து. ராத்தாவின் நகம் மினுக்கும் பட்டையையும் கடத்திவிட்டேன். நிப் நுனியின் கடைசி மினுக்கத்துக்கு அதைப்போல் ஒன்று இல்லை. வகுப்பில் பாதிப் பேரை மைப்பேனைக் கட்சிக்கு இழுத்தாகிவிட்டது. நேற்று ஒருத்தனுடைய பேனைக்குள் மை காய்ந்து கிடந்தது. "இது ஏறாவூர்ப் பேனைடா, மை ஏறா ஊர்" என்று சொல்லிக் கழுவிக் கொடுத்தேன். இனி என்னை நிபுணர் என்று சொல்லாதீர்கள். நிப்புணர்.

ராத்தாவின் நிக்காஹ் நாள் குறித்தாயிற்று, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாம் ஞாயிறு. வீடு ராத்தாவின் பேருக்கு எழுதியாகிவிட்டது. ஓட்டமாவடி மாப்பிள்ளை வந்து குடியேறியதும் எனக்கு ஸ்டோர் அறைதான். வாப்பா மௌத்தான பிறகு ராத்தாவைக் கட்டிக் கொடுக்கிற வொலி நீங்கள். மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு "என் தங்கச்சியை உங்களுக்குக் கட்டித் தந்தேன்" என்று சபையில் நீங்கள் சொல்ல வேண்டும். ராத்தா அதை மட்டும் நாளுக்கு நாலு தரம் சொல்லிச் சிரிக்கிறா. "நானா தடுமாறுவார் பாரேன்."

நீங்கள் வேலை செய்கிற அச்சுக்கூடத்தில் வெட்டிக் கழிக்கிற தாள் துண்டுகள் அனுப்புங்கள். உங்கள் துஆவில் என் கணித பாடத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். வஸ்ஸலாம்.

தம்பி,
நிப்புணர் அக்ரம்


கொழும்பு
21.01.2025

அன்புத் தம்பி,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். மூட்டைப்பூச்சிகள் என்னைவிடச் சுகம். உன் கடிதம் வந்ததும் அறையில் இருக்கும் இருவரும் "எந்தப் புள்ளடா எழுதியிருக்கு?" என்று பறித்துக்கொண்டு ஓடினார்கள். "நிப்புணர்" வரை வாசித்துவிட்டு, பாவம் என்று திருப்பித் தந்தார்கள்.

தாள் துண்டு ஒரு கட்டு வருகிறது. இந்த மாதம் என்னை வெட்டும் மெசினுக்கு மாற்றியிருக்கிறார்கள். தாள்களை அடுக்கித் தட்டிச் சமப்படுத்திப் பெடலை மிதித்தால், பாண் வெட்டுவதுபோல் ஒரே வெட்டு. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் திட்டினாலும் கேட்காது. அதனால் எனக்கு இங்கே எதிரிகள் இல்லை.

அரத்தாளில் வெறிபிடித்துத் தேய்க்காதே. நிப் நுனியில் இருக்கிற சின்ன மணி தேய்ந்து போனால் உன் நகம்போல் திரும்பி வளராது.

நோன்புப் பெருநாளுக்கு வருவேன். நிக்காஹுக்கு வெள்ளைச் சட்டை இப்போதே தைக்கக் கொடுத்துவிட்டேன். தடுமாற மாட்டேன் என்று ஷஸ்னாவிடம் சொல். உம்மாவின் முழங்கால் வலி எப்படி? எண்ணெய் பூசிவிடு.

இப்படிக்கு உன் நானா,
ஹில்மி


ஏறாவூர்
11.02.2025

கொழும்பு வெட்டுக்காரர் ஹில்மி நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசியாயிற்று. "எண்ணெயை முழங்காலுக்குப் பூசு, பாய்க்குப் பூசாத" என்பது நோயாளியின் வாக்குமூலம். நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ் போதும்.

ஒரு செய்தி. எங்கள் ஒழுக்காற்று சேர் தன் மைப்பேனையைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் தந்தார். நிப்பின் இரண்டு காலும் கவட்டைபோல் விரிந்து கிடந்தன. பார்த்ததுமே தெரிந்தது, பிள்ளைகளுக்கு அடிக்கிற விசையில் எழுதுகிறவர். சேர்த்துச் சரிப்படுத்திவிட்டு, நிப்பைக் குப்புறச் செருகிக் கொடுத்தேன். எழுத்து எறும்பின் மீசை போல வந்தது. அன்றைக்கு அவர் என்னைப் பற்றி எழுதிய முறைப்பாட்டை அதிபர் வெயிலில் பிடித்துப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை. மறுகா நிமிர்த்திக் கொடுத்தேன். அதே முறைப்பாட்டைக் கொழுத்த எழுத்தில் திரும்ப எழுதினார்.

இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே ஆள் இல்லை நானா. உம்மாவிடம் சொன்னால் அடி. ராத்தாவிடம் சொன்னால் உம்மாவிடம் சொல்லிவிடுவா. வீடு முழுக்கப் பெயின்ட் வாசம். எல்லாச் சாமான்களும் நடு வீட்டில் குவிந்து கிடக்கின்றன, அவற்றோடு நானும். நீங்கள் இருந்தால் சிரித்துவிட்டுத்தான் ஏசுவீர்கள். அந்த வரிசைக்காகவே எழுதுகிறேன்.

உடனே பதில் போடுங்கள்.

தம்பி,
அக்ரம்


ஏறாவூர்
04.03.2025

நானாவுக்கு,

ஸலாம். நோன்பு மூன்றாகிவிட்டது, எல்லோரும் சுகம். உங்களிடமிருந்து பதில் இல்லை. வெள்ளிக்கிழமை போனில் உங்கள் குரல் மட்டும் வந்தது. போன் விழுந்து கமரா உடைந்துவிட்டது என்றீர்களாம். சரி. கமரா உடைந்தால் கையுமா உடைந்துவிட்டது? நான் கேட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஆகவே வேறொருவர் எழுதிய மனுவை இணைத்திருக்கிறேன்.

"மாண்புமிகு எசமான் அவர்களுக்கு. தங்கள் சட்டைப் பையில் வசிக்கும் நிப் ஆகிய நான் பணிவுடன் தெரிவிப்பது: பல நாட்களாக எனக்கு வேலை இல்லை. மை என் தொண்டையில் காய்ந்துவிட்டது. நோன்பு தங்களுக்குத்தான், எனக்கல்ல. நோன்பு திறக்கும் நேரத்திலாவது ஒரு வரி எழுதி என் தாகம் தீர்க்கவும். தவறினால் சட்டையில் ஒழுகி என் எதிர்ப்பைத் தெரிவிப்பேன். இப்படிக்கு, இரு கால் இருந்தும் நடக்க விடப்படாத நிப்."

மனுவுக்காவது பதில் போடுங்கள்.

அக்ரம்


கொழும்பு
26.03.2025

அன்புத் தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. பேனை கையிலிருந்து விழுந்து நிப் கோணிவிட்டது. கீறுகிறது. மையும் இழுபடுகிறது.

தேர்தல் நோட்டீஸ் வேலை நிறைய. பெருநாளுக்கு வர முடியாது. உம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

மனு வாசித்தேன். சிரித்தேன்.

ஹில்மி


ஏறாவூர்
07.04.2025

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முடிந்தது. உம்மா வட்டிலப்பம் செய்து உங்கள் பங்கைத் தனியாக மூடி வைத்தா. மூன்றாம் நாள் அது என் பங்காயிற்று. வழக்கமாக நான் திருடித் தின்கிற சாமான். இந்தத் தரம் உம்மாவே கையில் தந்தா, ருசிக்கவில்லை.

உங்கள் கடிதம் கோழி நடந்த முற்றம் மாதிரி இருந்தது. நிப்பின் குற்றம் என்றால் அது என் இலாகா. பேனையை அனுப்புங்கள் என்று கேட்டால் தாமதிப்பீர்கள், அதனால் என்னிடமிருந்த மிக நல்ல நிப்பை இத்துடன் அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அரத்தாளில் எட்டு வடிவில் தேய்த்து, வில்லையில் பார்த்து, மறுபடி எட்டுப் போட்டு, ராத்தாவின் பட்டையில் மினுக்கியது. தாளில் வைத்தால் வாவியில் தோணி போகிற மாதிரிப் போகும். இதுவும் கீறினால் என் பேரை மாற்றிவையுங்கள்.

ஒரு விசயம். நீங்கள் பெருநாளுக்கு வராததிலிருந்து ராத்தா சரியாகப் பேசுவதில்லை. "வீட்ட எண்ட பேருக்கு எழுதினது நானாக்குப் புடிக்கல்ல போல" என்று உம்மாவிடம் சொன்னா. "அவன் அப்பிடிப் புள்ள இல்ல" என்றா உம்மா. அதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தா.

உங்கள் சுகத்தை விரிவாக எழுதுங்கள்.

அக்ரம்


கொழும்பு
29.04.2025

அன்புத் தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். உன் நிப்பும் கீறுகிறது. இரண்டு நிப்பையும் கழற்றி அனுப்பியிருக்கிறேன். வைத்துக்கொள்.

நிக்காஹுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். அப்துல் கபூர் சாச்சா வாப்பாவின் தம்பிதானே, அவர் வொலியாக இருந்து கட்டிக் கொடுக்கட்டும். சம்மதக் கடிதம் அனுப்புகிறேன். ஷஸ்னாவிடம் நீ சொல். நான் போனில் சொன்னால் அழுவாள்.

ஹில்மி


ஏறாவூர்
11.05.2025

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ராத்தாவிடம் சொன்னேன். நீங்கள் சொன்னால் அழுவா என்றீர்கள். நான் சொன்னபோது அழவில்லை. தைக்கக் கொடுக்க வைத்திருந்த கல்யாணச் சீலையை மடித்து அலுமாரியில் வைத்தா. "நானா கைபுடிச்சுத் தராட்டி எனக்கு இந்தக் கலியாணம் வேணா. வீடு வேணுமெண்டா அவரே எடுக்கட்டும்" என்றா. உம்மா அடுப்படியில் இருந்து "என்னகா பேசுறாய்!" என்று கத்தினா. அதன்பிறகு இரண்டு நாள் இந்த வீட்டில் பேசியது நானும் கோழிகளும் மட்டும்.

நிப்புகள் வந்தன. எனக்கு உங்கள்மேல் கடுங் கோபம். நான் திருத்திய நிப்பைக் கீறுகிறது என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? வில்லையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு காலும் ஒரே மட்டம், பிளவு நேர். விழுந்து கோணியது என்றீர்களே, உங்கள் பழைய நிப், அதிலும் ஒரு கோணல் இல்லை. என் பேனையில் மாற்றி மாற்றிச் செருகி, மை ஊற்றி எழுதினேன். இரண்டும் வழுக்கிக்கொண்டு போயின. நிப்பில் பிழையில்லை நானா.

பிறகு உங்கள் கடைசி இரண்டு கடிதங்களையும் எடுத்தேன், எங்கே கீறியிருக்கிறது என்று பார்க்க. உச்சியில் ஸலாமை நம் வழக்கப்படி அறபில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி துப்புரவாக இருக்கிறது. அதற்குக் கீழே தமிழ் தொடங்கியதும் ஒவ்வொரு வரியிலும் மை இழுபட்டிருக்கிறது. அதே பேனை, அதே மை, அதே தாள். நிப் கெட்டிருந்தால் அறபையும் அல்லவா கெடுத்திருக்க வேண்டும்? நிப்புக்கு மொழி தெரியுமா என்று சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அறபு வலமிருந்து இடம் போகிறது. தமிழ் இடமிருந்து வலம். பேனையை என் இடது கைக்கு மாற்றினேன். அறபு எழுதினேன், கை பேனையை இழுத்துக்கொண்டு போனது, கீறவில்லை. தமிழ் எழுதினேன். கை பேனையைத் தள்ள வேண்டியிருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே கீறியது. எழுதிய ஈர மையின்மேலேயே என் கை ஊர்ந்து வந்தது. என் தாளும் உங்கள் தாளும் ஒரே மாதிரி இருந்தன.

நானா, உங்கள் வலது கைக்கு என்ன?

நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

அக்ரம்


ஏறாவூர்
27.05.2025

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, ராத்தா உடம்பால் சுகம். நீங்கள் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை போனை நான் வாங்கியதும் "வேலை இருக்கு" என்று வைத்துவிட்டீர்கள். கேட்டதைத் திரும்பக் கேட்கமாட்டேன். இரண்டு செய்தி மட்டும்.

முதலாவது, பள்ளிவாசலில் ஹஸ்ரத்தைப் பிடித்தேன்.

"ஹஸ்ரத், வொலிக்குக் கையில காயமெண்டா நிக்காஹ் செல்லுமா?"

"நிக்காஹ் வாயாலதான் மனே. கைபுடிக்கிறது நம்மட வழக்கம். கையே இல்லாதவரும் வொலியா இருக்கலாம். ஆருக்குக் காயம்?"

"சும்மா கேட்டன். பரீட்சைக்கு வரும்."

"எந்தப் பரீட்சையிலடா இது வரும்?"

"இஸ்லாம் பாடம், ரெண்டாம் வினாத்தாள்."

பாடத்தில் இல்லாத கேள்வியையும் படிக்கிறவன் என்று என்னை மெச்சினார். ஆகவே மார்க்கத்தில் தடை இல்லை, குறித்த நாளும் இன்னும் மாறவில்லை. மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்.

இரண்டாவது, தீப்பெட்டிக்குள் இருக்கிற நிப். இதைத் திருத்த எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது. தள்ளும்போது கீறாத மாதிரித் தேய்க்க, பேனையை நீங்கள் பிடிக்கிற மாதிரியே நானும் பிடித்து எழுதிப் பார்க்க வேண்டும். ஸ்டோர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாள்தோறும் இடது கையால் எழுதினேன். எட்டையும் தலைகீழாகப் போட்டுப் பழகினேன். ஒரு நிப்பின் மணி முழுக்கத் தேய்ந்து செத்துப்போனது. இது இரண்டாவது. உம்மா ஒரு நாள் கண்டுவிட்டா. "பீச்சக் கையால எழுதுறியா? மறுகா அந்தக் கையால சோறும் தின்பாய்!" என்று அகப்பையால் விரல் மொழியில் ஒன்று போட்டா. வலிக்கவில்லை. உங்கள் நினைவு வந்தது. நீங்கள் எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள், யாரோடு இருந்து சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

சீக்கிரம் காயும் மையும் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். கடிதம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எழுதிப் பாருங்கள்.

உங்கள் தம்பி,
அக்ரம்


கொழும்பு
13.06.2025

அன்புத் தம்பி அக்ரம்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தை இந்தத் தரம் உண்மையாக எழுதுகிறேன்.

பெப்ரவரி நடுவில் நடந்தது. தாள் கட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தது. பெடலில் இருந்து காலை எடுக்காமலே வலது கையால் தள்ளினேன். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் பாதிக்கு மேல் இல்லை. பெருவிரலும் சின்னி விரலும் இருக்கின்றன. உன் எறும்பு மீசைக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து வாசித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். பதில் எழுத முடியவில்லை.

காயம் ஆறிவிட்டது. இப்போது தாள் எண்ணி அடுக்குகிற வேலை. அறையில் மற்ற இருவரும் நல்லவர்கள். ஆனாலும் அவர்கள் சாப்பிட்டு எழும்பும்வரை நான் வெளியில் நிற்பேன். பிறகு கரண்டியால் சாப்பிடுவேன், இடது கையால். நீ கேட்டதற்குப் பதில் அதுதான்.

வீட்டு விசயத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அந்த வீட்டுக்குக் கல் சுமந்தவன் நான். எல்லோரும் ஷஸ்னாவைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் என் கையைப் பற்றிப் பேசுவார்களே என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்ப்பார்கள், உம்மா அவர்கள் முன்னால் அழுவா என்று நினைத்தேன். நான் வராமல் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று கணக்குப் போட்டேன். ஷஸ்னா சீலையை மடித்து வைப்பாள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

உன் நிப் கீறவில்லை. இதெல்லாம் அதில் எழுதியதுதான். எழுத்து இன்னும் கோணல், அது நிப்பில் இல்லை. ஆனால் தாளைப் பார், மை இழுபடவில்லை.

புதன்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. உம்மாவுக்கும் ஷஸ்னாவுக்கும் நானே காட்டுகிறேன். அதுவரை வாயைத் திறக்காதே. அது உனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும், இவ்வளவு நாள் செய்திருக்கிறாய். வெள்ளைச் சட்டையின் கைப் பொத்தானை எனக்குப் போட வராது. நிக்காஹ் அன்றைக்கு நீ போட்டுவிடு.

மாப்பிள்ளையை மட்டும் முன்னமே தனியாகக் கண்டு சொல்லி வை. சபையில் நான் கையை நீட்டும்போது அவர் பயந்து நுனியில் தொடுவார். இங்கே எல்லோரும் அப்படித்தான் தொடுகிறார்கள். மெதுவாகத் தொட்டால்தான் அந்த இடம் கூசுகிறது. கெட்டியாகப் பிடிக்கச் சொல்.

நானா,
ஹில்மி